முப்பது நாள் டிக்குகளும் ஒரே பேனாவில்

மாதக் கடைசியில் அட்டைகளைச் சரிபார்க்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். முப்பது நாட்களுக்கும் போட்டிருந்த டிக்குகள் ஒரே நீல மையில், ஒரே சாய்வில் இருந்தன. அட்டையைத் திருப்பித் தடவினால் பின்பக்கம் விரலில் வரிவரியாக நெருடியது. ஒரே மூச்சில் அழுத்திப் போட்டு முடித்த டிக்குகள். அடுத்த அட்டையும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான்.

நான் உடற்கல்வி ஆசிரியர். அந்த அட்டை என் யோசனை. இரண்டு வேளை பல் துலக்கினேன், ஒரு மணி நேரம் விளையாடினேன், நேரத்துக்குப் படுத்தேன் என்பது போல நாளொன்றுக்கு ஐந்து கட்டங்கள். அதிக டிக் வாங்கியவருக்குக் காலைக் கூட்டத்தில் கைதட்டல்.

ஒரே ஒரு அட்டையில்தான் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. ஆறாம் வகுப்புப் பெண். சில கட்டங்களில் டிக், சிலவற்றில் பென்சிலால் போட்டு அழித்த தடம். அதை நீட்டும்போது அவள் தலை நிமிரவில்லை. "நிறைய நாள் விட்டுவிட்டேன் சார்" என்றாள். வகுப்பில் உண்மையைச் சொன்ன ஒரே பிள்ளையை என் அட்டை கடைசி இடத்தில் நிறுத்தியிருந்தது. அந்த மாதத்தோடு அட்டைகளை விட்டுவிட்டேன்.

பிற்பாடு, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தபோது அவள் முகம்தான் கண்முன் வந்தது. 96 பேர் ஆளுக்கு ஒரே ஒரு புதுப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, காலை உணவுக்குப் பிறகு என்பது போல அன்றாடம் நடக்கும் ஏதோ ஒன்றோடு அதை முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். அது யோசிக்காமல் தானாக நடக்கும் அளவுக்குப் படிய ஆன காலம், நடு மதிப்பில் 66 நாட்கள். சிலருக்கு 18, சிலருக்கு 254 நாட்கள் வரை என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை. அவர்களெல்லாம் வளர்ந்தவர்கள். நான் பதினொரு வயதுக் குழந்தையிடம் ஐந்து பழக்கங்களை ஒன்றாகக் கொடுத்து, முப்பது நாளில் முழு அட்டை கேட்டிருந்தேன்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் செய்திருக்கிறேன். தாமதமாக வருபவர்களை மைதானத்தை மூன்று சுற்று ஓடவிடுவேன். பல வருடங்கள் இது தவறு என்றே தோன்றியதில்லை. படிப்பை முடித்துப் போன மாணவன் ஒருவன் ஒரு நாள் பார்க்க வந்தான். பேச்சுவாக்கில், "ஓடலாம் என்று நினைத்தாலே ஏதோ தப்பு செய்துவிட்டது போல இருக்கிறது சார்" என்றான். குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எலும்பு தன் உறுதியின் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்ளும் வயதும் அதுதான். அந்த ஓட்டத்தைத்தான் நான் தண்டனையாக்கி வைத்திருந்தேன். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்டால் கொடுத்துவிடுகிற வழக்கமும் அப்போது என்னிடம் இருந்தது. இப்போது யார் கேட்டாலும் கொடுப்பதில்லை.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் திங்கட்கிழமை தவறாமல் வயிற்றுவலி. மருத்துவர் பார்த்து உடம்பில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார். பந்தைக் கோட்டைவிட்டால்கூடக் கண் கலங்கிவிடுவான். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய் தம்பி?" என்றேன். "பத்து மணிக்கு." "தூங்கியது?" சற்று யோசித்து, "ஒன்றரை இருக்கும்" என்றான். போன் தலையணைக்கு அடியில் இருந்திருக்கிறது. 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவனுக்கு ஞாயிறு இரவில் ஐந்து மணி நேரம்கூடத் தேறவில்லை.

பெற்றோரை அழைத்தேன். "சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது சார், கேட்கவே மாட்டேன் என்கிறான்" என்றார் அம்மா. பையன் தரையைப் பார்த்தபடியே, "அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் படுத்திருப்பார்" என்றான். அப்பா கையிலிருந்த போனை மெதுவாகச் சட்டைப்பையில் வைத்தார். கோபப்படவில்லை. அவரை நான் மதிப்பது அதற்காகத்தான். அன்று முதல் இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்த மூன்று போன்களும் கூடத்து மேசைக்குப் போயின. முதலில் வைப்பது அப்பா. இரண்டு மாதம் கழிந்த பிறகுதான் அவன் திங்கட்கிழமைகள் லேசாகின. இடையில் பல நாட்கள் தவறியதை அவனே வந்து சொன்னான், நான் முகம் சுளிக்கவில்லை.

எல்லா வயிற்றுவலியும் தூக்கத்தால் தீர்ந்துவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே அறிகுறியோடு வந்த வேறொரு பிள்ளையின் பயத்துக்குக் காரணம் வகுப்பில் நடந்த கேலி. அவளை மனநல ஆலோசகரிடம் அனுப்பினோம். மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்கிறார்கள். சீக்கிரம் படுத்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிட முடியாது.

இப்போது எங்களுக்கு அட்டை கிடையாது. முதல் மணி அடித்ததும் பத்து நிமிடம் நடக்கிறோம், நானும் சேர்ந்து. எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகள், தோளோடு தோளாக நடக்கும்போது தாமாகவே பேச்செடுக்கிறார்கள். இரவு வீட்டில் சண்டை, பரீட்சை பயம், பேசாமல் போய்விட்ட தோழி, எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் வந்துவிடும். அவர்கள் சொல்வதில் பாதிக்கு என்னிடம் பதில் இருப்பதில்லை. கேட்டுக்கொண்டே நடக்கிறேன்.

போன வாரம் காலையில் நல்ல மழை. இன்று நடை இருக்காது என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்துவிட்டேன். கதவோரம் நிழலாடியது. வெறும் கட்டங்களோடு அட்டை நீட்டிய அதே பெண், இப்போது ஒன்பதாம் வகுப்பு. பின்னால் சிறு பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். "மணி அடித்துவிட்டது சார். வராந்தாவில் நடக்கலாமா?" என்றாள்.