காசிமேட்டுப் படகும் கால் அங்குல டேப்பும்

காசிமேட்டில் மாமா ஃபைபர் படகு கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன் நான். கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து, பிரஷ்ஷால் ரெசின் என்ற இறுகும் பிசினைப் பூசி, ரோலர் உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவார். ரெசின் எவ்வளவு போதும் என்பதை அவர் கைதான் முடிவு செய்யும்.

இப்போது நான் வடிவமைக்கும் கார்பன் ஃபைபர் டேப்பில் ரெசின் முன்பே அளவாக ஊறியிருக்கும். அகலம் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். ரோபோ அதைச் சூடாக்கி, அழுத்தி, வரிவரியாக ஒட்டிக்கொண்டே போகும். அகலம் கூடினால் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், குறைந்தால் இடைவெளி விழும்.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது அதன் பிசுபிசுப்புதான். அதிகமானால் மெஷின் தலைக்குள்ளேயே சிக்கும். குறைந்தால் வளைவில் டேப் எழும்பி நிற்கும். வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் அது மாறிக்கொண்டே இருக்கும். ரெசின் இறுகாமலிருக்க மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வைத்து எடுத்த டேப் ரோலின் உறையை அவசரப்பட்டுப் பிரித்தால் போச்சு, நம்ம ஊர்க் காற்றின் ஈரமெல்லாம் அதன்மேல் படிந்துவிடும். அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

நேற்று காலாவதியான ரோலில் இருந்து ஒரு துண்டை, பாதுகாப்புத் தாளோடு மாமாவிடம் காட்டினேன். மெல்ல வளைத்துப் பார்த்தார். "இன்னும் செட் ஆகலடா இது" என்றார்.

சரியாகச் சொன்னார்.