கல்லுக்கு ஒன்று, கொக்குக்கு ஒன்று

என் அக்கா மகன் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். மார்கழிக் கடைசியில் ஊருக்கு வந்தவன், பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டியைப் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி, என் அலமாரியில் இருக்கும் இரண்டு பழைய கேமராக்களையும் எடுத்து மேசைமேல் வைத்து, "இதில் எது நல்ல கேமரா, மாமா?" என்று கேட்டான். ஒன்று கேனான் 5டி, மற்றொன்று நிகான் டி300. அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோதே, இவற்றில் வீடியோ எடுக்க முடியுமா என்ற அடுத்த கேள்வியும் வந்தது. இரண்டிலும் முடியாது என்றதும் அவன் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை மறைக்க அவன் முயலவில்லை. வீடியோ எடுக்கும் முதல் எஸ்.எல்.ஆர். கேமராவான நிகான் டி90 வெளிவந்தது 2008-இல்தான். இவை இரண்டும் அதற்கு முந்தியவை.

கேனான் 5டி 2005 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் அதன் சென்சார் 12.8 மெகாபிக்சல். நிகான் டி300 சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2007 ஆகஸ்டில் வந்தது; அதற்கு 12.3 மெகாபிக்சல். எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டுமே லென்ஸ் இல்லாமல் எண்ணூறு கிராமைச் சற்றுத் தாண்டும். காகிதத்தில் இவ்வளவு நெருங்கி நிற்கும் இரண்டு கருவிகள் கையில் எடுத்தால் இவ்வளவு விலகி நிற்பதற்குக் காரணம், செய்தவர்கள் காசை எங்கே கொட்டினார்கள் என்பதுதான். 5டியில் பெரும்பங்கு சென்சாரின் பரப்புக்குப் போய்விட்டது. பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கே இருக்கும் ஃபுல் ஃபிரேம் சென்சார் அது. டி300-இன் சென்சாரைப் போல இரண்டேகால் மடங்கு பரப்பு. டி300-இல் காசு சென்சாரைச் சுற்றியிருக்கும் எந்திரத்துக்குப் போயிற்று: 51 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு ஆறு படங்கள், படத்தில் விழப்போவதை நூறு விழுக்காடு காட்டும் வ்யூஃபைண்டர், தூசியும் தூறலும் எளிதில் புகாத மெக்னீசியக் கலவை உடம்பு. 5டியில் ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பது, நொடிக்கு மூன்றே படங்கள். எது நல்ல கேமரா என்பதைவிட, எடுக்கப்போகும் பொருள் நிற்குமா, ஓடுமா என்று கேட்பதே சரி என்று நான் நினைக்கிறேன்.

நிற்கும் பொருளுக்குத் தாராசுரத்தைவிட நல்ல இடம் எங்கள் பக்கத்தில் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் உயரமோ அகலமோ கிடையாது. அதன் பெருமை எல்லாம் நுணுக்கத்தில் இருக்கிறது. கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் அறுபத்து மூன்று நாயன்மார்களின் கதைகளைச் சிறிய சிறிய பலகைகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். மண்டபத் தூண்களிலும் அப்படியே உள்ளங்கையளவுச் சிற்பங்கள். வெளியே வெயில் கொளுத்தும்போதும் மண்டபத்துக்குள் நான்கு தூண் உள்ளே போனால் வெளிச்சம் அடங்கிவிடும். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் கையில் பிடித்துப் படம் எடுக்கத் தடையில்லை. ஆனால் கேமராவைத் தாங்கும் முக்காலி (டிரைபாட்) வைப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். ஃபிளாஷ் போட்டால் கல்லின் மேடு பள்ளம் அத்தனையும் தட்டையாகிவிடும். ஆக, மிச்சமிருக்கும் வழி, வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவது ஒன்றுதான்.

ஒரே நாளில், ஒரே தூணை, இரண்டு கேமராவிலும் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்து எடுத்துப் பார்த்தேன். 5டியில் 50 மி.மீ. லென்ஸ், டி300-இல் 35 மி.மீ. லென்ஸ், படச் சட்டத்துக்குள் அடங்கும் காட்சி ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. டி300 படத்தில் நிழல் விழுந்த இடங்களில் நாய்ஸ் எனப்படும் புள்ளிகள் மணல் தூவியது போலத் தெரிந்தன. கல்லின் சொரசொரப்பு எது, கேமரா தூவிய மணல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. 5டியில் நிழலும் நிழலாகவே இருந்தது, கல்லும் கல்லாகவே இருந்தது. இத்தனைக்கும் டி300-இன் ஐ.எஸ்.ஓ. எண்கள் 3200 வரை நேராகவும் 6400 வரை நீட்டியும் போகும். 5டி 1600-இல் நின்றுவிடும், நீட்டினாலும் 3200தான். விளம்பரத் தாளில் பெரிய எண் யாரிடம் இருக்கிறது என்பதற்கும் உண்மையில் இருட்டைத் தாங்குவது எது என்பதற்கும் உள்ள தூரம் அன்று எனக்கு விளங்கியது. ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் இடம் பெரிதாக இருந்தால் அது வாங்கும் வெளிச்சமும் அதிகம். பெரிய மரக்காலில் பெருமழை சீக்கிரம் நிரம்புவதில்லை என்பதைப் போல, வெளிச்சமான இடமும் அதில் சட்டென்று வெளுத்துப்போகாது.

மனிதர்களை எடுக்கும்போதும் இந்தப் பரப்பின் பலன் தெரியும். சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் ஐம்பொன் சிலை செய்யும் ஒரு பட்டறையில், வார்த்தெடுத்த சிலையை உளியால் செதுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை, அவர் அனுமதியோடு, சன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன். மெழுகு உருவத்தின்மேல் பூசுவதற்காகக் குழைத்து வைத்திருந்த காவிரி வண்டல் மண்ணும், அடுப்பும், ஆணிகளும், நாட்காட்டியும் பின்னால் குவிந்து கிடந்தன. 5டியில் 85 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 2 அளவுக்கு அகலத் திறந்தபோது அவை எல்லாம் கரைந்து பின்வாங்க, அவருடைய கண்ணும் உளி பிடித்த விரல்களும் மட்டும் முன்னால் வந்து நின்றன. ஆனால் இங்கேதான் 5டியின் பலவீனமும் இருக்கிறது. அதன் ஒன்பது புள்ளிகளும் சட்டத்தின் நடுவிலேயே நெருங்கிக் கிடப்பவை. அவற்றிலும் நம்பத் தகுந்தது நடுப்புள்ளி. அதை வைத்துக் கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டு, கேமராவைச் சற்றுத் திருப்பிச் சட்டத்தை அமைத்தால், அந்தத் திருப்பலிலேயே ஃபோகஸ் கண்ணிலிருந்து காதுக்குப் போய்விடும். பத்தில் நான்கு படங்கள் எனக்கு அப்படித்தான் போயின. பின்பக்கத் திரையோ இரண்டரை அங்குலத்தில் மங்கலாக இருப்பதால், போனது போனதாக வீட்டுக்கு வந்தபிறகே தெரியவரும்.

ஓடும் பொருளுக்கு வடுவூர். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையிலேயே இருக்கும் அந்த ஏரியும், அதே திருவாரூர் மாவட்டத்தின் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கார்த்திகையிலிருந்து மாசி வரை ஏரிக்குள் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. சுற்றியுள்ள வயல்களிலேயே நத்தை குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நடமாடும். அதற்கு முன்பே, சம்பாவுக்குச் சேற்றுழவு நடக்கும் நாட்களில், டிராக்டரின் பின்னால் உண்ணிக்கொக்குகள் வெள்ளை வேட்டி கட்டிய ஊர்வலம்போல வரும். சக்கரம் புரட்டிய சேற்றிலிருந்து தவளை துள்ளும்போது ஒரு கொக்கு எழும்பும், இன்னொன்று இறங்கும். இவை அனைத்தும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

அந்த ஒரு நொடிக்கு 5டி மூன்று படம் தரும், டி300 ஆறு தரும் என்று சொன்னால் அது பாதிக் கணக்குதான். மூன்று படமும் கூர்மையாக இருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். டி300-இன் 51 புள்ளிகளும் சட்டத்தின் அகலத்தில் பெரும்பகுதியை நிரப்பி நிற்பதால், கொக்கு நடுவை விட்டு விலகினாலும் ஏதோ ஒரு புள்ளி அதைப் பிடித்துக்கொள்கிறது. 5டியில் அது நடுவை விட்டு விலகிய கணமே பின்னாலிருக்கும் கருவேலமரத்துக்கு ஃபோகஸ் தாவிவிடும். மேலும், சிறிய சென்சார் என்பது இங்கே வரமாகிவிடுகிறது. 300 மி.மீ. எஃப் 4 லென்ஸை டி300-இல் மாட்டினால் 450 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சி கிடைக்கிறது. அதே காட்சியை 5டியில் பெற வேண்டுமானால் ஏறத்தாழ அரை வயல் தூரம் முன்னால் நடக்க வேண்டும், அதற்குள் கொக்கு பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

இதில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். டி300 கைக்கு வந்த புதிதில், சென்சார் தந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பை 12 பிட்டிலும் 14 பிட்டிலும் பதியலாம் என்று படித்துவிட்டு, அதிகம் என்றால் நல்லதுதானே என்று 14-ஐ வைத்துக்கொண்டு வடுவூருக்குப் போனேன். விடியற்காலை முழுவதும் ஷட்டர் மாட்டு வண்டிபோல நகர்ந்தது. 14 பிட்டில் வைத்தால் அந்தக் கேமராவின் வேகம் நொடிக்கு இரண்டரைப் படமாக இறங்கிவிடும் என்பது அதன் கையேட்டிலேயே இருக்கிறது. நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

வெளிச்ச அளவீட்டைப் பற்றி ஒரு சொல். கரிய சேற்றில் வெள்ளைக் கொக்கு நிற்கும்போது, கேமராவின் மீட்டர் சேற்றைப் பார்த்துவிட்டு, காட்சி இருட்டாக இருக்கிறது என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கின் இறகு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். இரண்டு கேமராவிலும் ஒரு படி குறைத்து வைப்பதே என் வழக்கம். இறகின் வரிகள் ஒருமுறை போனால் எந்த மென்பொருளாலும் திரும்ப வராது.

பழைய கேமரா வாங்க நினைப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லலாம். சில 5டி கேமராக்களில் உள்ளிருக்கும் கண்ணாடி கழன்று விழும் குறை வெளிப்பட்டு, தயாரித்த நிறுவனமே அதை ஏற்று இலவசமாகச் சரி செய்து கொடுத்தது. அது செய்யப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். 5டிக்குச் சென்சாரைத் தானே உதறிக்கொள்ளும் வசதி கிடையாது. டெல்டாவின் அகன்ற வானத்தை, லென்ஸின் துளையை எஃப் 16-க்குச் சுருக்கி ஒரு படம் எடுத்துப் பாருங்கள், உள்ளே எத்தனை தூசி குடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். டி300 அதைத் தானே ஓரளவு உதறிவிடும். இரண்டுக்கும் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டைதான். அட்டை போகும் துளைக்குள் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பூக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் வைத்தால் ஈரம் இழுக்கும் என்று என் அத்தை அன்போடு சொன்னார். தவிட்டுத் தூசிக்குப் பயந்து நான் அதைச் செய்யவில்லை.

இனி கபடிக்கு வருகிறேன். அவன் கேட்டபோது நான் விழித்ததற்கு உண்மையான காரணம், அது இரவுப் போட்டி என்பதே. ஓடும் பொருள், ஆனால் தாராசுரத்து மண்டபத்தின் வெளிச்சம். ஒரு கேமராவின் பலம் எல்லாம் மற்றொன்றின் பலவீனமாக இருக்கும் இடம் அது. முதல் நாள் இரவு நானும் கூடப் போய், இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தேன். இரண்டிலும் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் வேகம் 1/320. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்குகின்றன. அந்த வேகத்தில் எடுக்கும்போது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்தன. அதற்கு இரண்டு கேமராவிடமும் மருந்து இல்லை. 5டியின் படங்கள் துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தன, ஆனால் பாடிவரும் ஆட்டக்காரரின் முகத்துக்குப் பதிலாகப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் சட்டைப் பொத்தான் அத்தனை தெளிவாக இருந்தது. டி300-இன் படங்களில் புள்ளிகள் நிறைய. ஆனால் காலைப் பிடித்து இழுக்கும் கையும், கோட்டைத் தொட நீளும் விரலும், மண் பறக்கும் கணமும் இருக்க வேண்டிய இடத்தில் கூர்மையாக இருந்தன. நாய்ஸைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம். போன ஃபோகஸை எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் டி300-ஐ அவன் கழுத்தில் மாட்டிவிட்டேன். இறுதிப் போட்டியில் அவன் எடுத்த படம் ஒன்றை, வென்ற அணியினர் பத்தடி ஃபிளெக்ஸ் பேனராக அடித்து எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் கட்டியிருக்கிறார்கள். நாய்ஸ் தெரிகிறதா என்று நான் கிட்டே போய் மூக்கு உரசப் பார்த்தேன், தெரியத்தான் செய்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடையிலிருந்து பார்த்தால் தெரியவில்லை.