1:9 குதிரையை பே நிறத்துக்கு மாற்றுதல்: உடல் தயாரிப்பிலிருந்து படம் வரை

பழைய பொம்மைக் குதிரை ஒன்றைப் பே நிறத்துக்கு, அதாவது கறுப்புப் பிடரியும் வாலும் கொண்ட செம்பழுப்புக்கு, மாற்றிய வேலை இது. எடுத்துக்கொண்டது பிரேயர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ட்ரெடிஷனல் அளவில் (உண்மைக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு, 1:9), நிற்கும் நிலையிலுள்ள ஓர் உடல். ஒரு காதின் நுனி உடைந்திருந்தது. விலாவில் பெயின்ட் தேய்ந்து வெள்ளை பிளாஸ்டிக் தெரிந்தது. முன்னங்கால் ஒன்று வளைந்ததால் குதிரை பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. நிறம் மாற்ற இப்படி அடிபட்ட உடல்தான் சரி. சேகரிப்பாளர்கள் தேடும் பழைய குதிரைகளை உப்புத்தாளால் தொடவே கூடாது. பிரேயரின் குதிரை வரிசை 1950-இல் கடிகாரத்துக்குத் துணையாக வந்த வெஸ்டர்ன் ஹார்ஸில் தொடங்குகிறது. 1960-களில் தங்க நிறத்திலும் நீல நிறத்திலும் வந்த அலங்காரக் குதிரைகள் அரிதானவை. அவற்றின் பெயின்ட் போனால் போனதுதான். பின்னங்காலின் உட்புறத்திலுள்ள முத்திரையையும் பார்த்து, எந்த வார்ப்பு, எந்த நிறம் என்று உறுதிசெய்த பிறகே கையில் அரம் எடுக்கலாம்.

முகர்ந்தும் பார்க்க வேண்டும். இந்த உடல்கள் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அது சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளியாகி வினிகர் வாடை வரும். உடல் சுருங்கும், மேற்பரப்பில் பிசுபிசுப்பு கசியும். அதன் மேல் எந்தப் பெயின்டும் நிலைக்காது. மற்ற குதிரைகளோடு மூடிய பெட்டியில் வைக்கவும் கூடாது.

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் எண் 9. குதிரையின் உயரத்தைப் பிடரி முடியும் தோள் மேட்டில் அளக்கிறார்கள். ஒரு கை என்பது 4 அங்குலம். 16 கை உயரக் குதிரை 162.5 செ.மீ. இருக்கும், 1:9 அளவில் அது 18 செ.மீ. கிளாசிக் அளவான 1:12-இல் 13.5 செ.மீ., ஸ்டேபிள்மேட் அளவான 1:32-இல் 5 செ.மீ. பிரைமர் எனும் அடிப்பூச்சின் சொரசொரப்பு, பிரஷ் விட்டுச்சென்ற கோடு, வார்னிஷின் பளபளப்பு, படத்தில் காலடியில் கிடக்கும் மணல் எல்லாவற்றையும் ஒன்பதால் பெருக்கிப் பார்க்க வேண்டும். பெருக்கிய பிறகும் இயல்பாக இருந்தால்தான் பொம்மை குதிரையாகத் தெரியும்.

வளைத்தல்

அசிட்டேட் சூட்டில் இளகும். வளைந்த காலைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் பிடித்து, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் நிற்கும். ஆனால் இந்தப் பிளாஸ்டிக் பழைய வளைவை மறப்பதில்லை. மீண்டும் சூடுபட்டால் கொஞ்சம் திரும்பிப் போகும். அதனால் தேவையான அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே நிமிர்த்தினோம். நான்கு குளம்புகளும் சமமாகப் பதிகின்றனவா என்பதைக் கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தலையைச் சுமார் 15 டிகிரி திருப்ப ஹீட் கன் தேவைப்பட்டது. உடல் உள்ளே வெற்றுக்கூடு. சூட்டில் விரியும் காற்றுக்கு வழியில்லை என்றால் வயிறு உப்பும், அல்லது ஒட்டு பிளக்கும். அடிவயிற்றில் மறைவான இடத்தில் 2 மி.மீ. துளை போட்ட பிறகே சூடு காட்ட வேண்டும். கழுத்து திரும்பும் பக்கத்தில் மெல்லிய ஆப்பு வடிவில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, இளகியதும் திருப்பி, குளிர்நீரில் பிடித்தால் வெட்டு தானாக மூடிக்கொள்ளும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தினால் மேற்பரப்பில் குமிழி எழும். குமிழியைத் தேய்த்து எடுத்தால் அந்த இடம் குழியாகிவிடும். முனையை அசைத்துக்கொண்டே இருப்பதுதான் வழி.

கழுத்து திரும்பினால் தசையும் மாறும். உட்பக்கம் மடிப்புகள் விழும், வெளிப்பக்கம் தோல் இழுபடும். இதைச் சேர்க்காமல் விட்டால் தலை தனியாக ஒட்டியதுபோல் இருக்கும்.

எபாக்சி புட்டி

இரண்டு பகுதிகளைக் கலந்து பிசைந்தால் இறுகும் களிமண் போன்ற பொருள் இது. இரண்டு பகுதிகளும் சம அளவு. கண்ணளவில் பிசைந்தால் விகிதம் தப்பி, சில இடங்கள் இறுகாமல் ரப்பர்போல நிற்கும். இரண்டையும் ஒரே அளவு உருண்டைகளாகப் பிடித்து அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுப் பிசைவது நல்லது. நிறம் ஒரே சீராகும்வரை பிசைய வேண்டும். புட்டி படும் இடத்தில் பழைய பெயின்டைப் பிளாஸ்டிக் தெரியும்வரை சுரண்டி, கத்திமுனையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டால் பிடிப்பு கிடைக்கும். காது நுனிக்கு, துளையிட்டு நட்ட மெல்லிய கம்பியின் மேல் புட்டி. கம்பியில்லாத காது முதல் இடறலிலேயே கழன்றுவிடும். நனைத்த பிரஷால் தடவினால் விரல்ரேகை மறைந்து விளிம்பு உடலோடு கலக்கும். முழுதும் இறுக 24 மணி நேரம்.

உப்புத்தாளும் பிரைமரும்

பழைய பெயின்ட் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. பளபளப்பு போனால் போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதிலுள்ள அசிட்டோன் உடலையே கரைத்துவிடும். வார்ப்பின் ஒட்டுக்கோடுகள் கால்களின் உட்புறம், அடிவயிறு, தாடைக்கு அடியில் ஓடும். முதலில் ஊசி அரம், பிறகு 220, 400, 600 நம்பர் உப்புத்தாள், எல்லாமே தண்ணீர் தொட்டு. தூசி பறக்காது, தாளும் அடைக்காது. பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவைத்த பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் பிரைமர் சரியாகப் பிடிக்காது.

வெள்ளை மேட் பிரைமரை 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் பிடித்து மெல்லிய படலங்களாக அடிக்க வேண்டும். கிட்டே போனால் நரம்பும் தோல் சுருக்கமும் அடைபடும். தள்ளிப் போனால் துளிகள் வழியிலேயே காய்ந்து பொடியாக விழும். அந்தச் சொரசொரப்பை ஒன்பதால் பெருக்கினால் குதிரைக்குச் சிரங்கு. வெள்ளை ஒரே சீராகப் படிந்ததும் அதுவரை ஒளிந்திருந்த குழிகளும் கோடுகளும் வெளியே வரும். புட்டி, உப்புத்தாள், மறுபடி பிரைமர். வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகிறது, போகவும் வேண்டும். இங்கே மிஞ்சிய ஒட்டுக்கோடு கடைசி வார்னிஷ் வரை கூடவே வரும்.

ஷ்லைக், கலெக்டா போன்ற பி.வி.சி. குதிரைகளில் சில ஸ்ப்ரேக்கள் காயாமல் பிசுபிசுத்தே நிற்கும். பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்த்த எண்ணெய்த்தன்மைப் பொருள் மேலேறிப் பெயின்டோடு கலப்பதே காரணம். அவற்றுக்குப் பிரஷால் பூசும் அக்ரிலிக் அடித்தளம் பாதுகாப்பானது.

நிறம்

பே என்றால் உடல் செம்பழுப்பு. பிடரி, வால், காது விளிம்பு, கால்களின் கீழ்ப்பகுதி கறுப்பு. கறுப்பு நிறமி உடலிலிருந்து ஒதுக்கப்பட்டு இந்த முனைகளில் மட்டும் தங்குவதால் வரும் நிறம் இது. ஆகவே கறுப்பு காலில் சாக்ஸ் போட்டதுபோல ஒரே கோட்டில் நிற்காது. முட்டிக்கு மேலே, முன்பக்கம் கொஞ்சம் ஏறியும் உட்புறம் இறங்கியும் செம்பழுப்பில் கரையும். பல பே குதிரைகள் எட்ட நின்று பார்த்தாலே பெயின்ட் என்று தெரிவதற்குக் காரணம் இந்த எல்லைதான்.

செம்பழுப்புக்கு மென்பேஸ்டல் (சுண்ணக்கட்டி போன்ற வண்ணக்கட்டி) பொடி. எண்ணெய் பேஸ்டல் உதவாது. கட்டியைக் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி, மென்மையான பிரஷால் மேட் பிரைமரின் மேல் சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். முகமூடி கட்டாயம்; கேட்மியம் சேர்ந்த நிறங்களைப் பொடியாக்கவே கூடாது. முதலில் உடல் முழுக்க வெளிர் காவி மஞ்சள். அதன் மேல் பர்ன்ட் சியென்னா எனும் செம்பழுப்பு. தொடை இடுக்கு, முழங்கை, மூக்கின் ஓரம், கண்ணைச் சுற்றி மஞ்சளை அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு முதுகு, கழுத்தின் மேற்பகுதி, தசைப் பள்ளங்களில் பர்ன்ட் அம்பர் எனும் அடர்பழுப்பு. ஒவ்வொரு அடுக்குக்குப் பின்னும் மேட் வார்னிஷ் மெல்லிய ஸ்ப்ரே. ஸ்ப்ரே பொடியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும், நிறமும் கறுக்கும். எனவே நினைத்த நிறத்தைவிட வெளிர்ந்த நிலையில் நிறுத்திக்கொண்டு அடுத்த அடுக்குக்குப் போவது நல்லது. பத்து அடுக்குகளுக்கு மேல் போன பிறகுதான் ஆழம் வருகிறது. ஐந்தில் நிறுத்தினால் சுண்ணாம்புத்தன்மை தெரியும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே அடித்தால் வார்னிஷ் வெண்மூட்டமாகும். அன்று வேலையை ஒத்திவைப்பதே நல்லது.

வெள்ளைப் பேஸ்டல் வார்னிஷின் கீழ் ஏறக்குறைய மறைந்துவிடும். நெற்றிச் சுட்டிக்கும் பின்னங்கால் வெள்ளைக்கும் அக்ரிலிக்தான். நீர்த்த வெள்ளையில் துளி மஞ்சள் சேர்த்து ஆறேழு பூச்சு. ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் மேடு தட்டும். வெள்ளை மயிருக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பு; அதனால் சுட்டி மூக்குவரை இறங்கினால் அந்த இடம் இளஞ்சிவப்பாக வேண்டும். விளிம்பில் மயிரிழைகளை மிக மெல்லிய 000 பிரஷால், மயிர் வளரும் திசையில், ஒவ்வொன்றும் 2 மி.மீ.க்குக் குறைவாக இழுக்க வேண்டும். 5 மி.மீ. இழையை ஒன்பதால் பெருக்கினால் 4.5 செ.மீ.; பளபளக்கும் கோடைக்காலக் குதிரைக்கு அது ஆட்டு ரோமம்.

வெள்ளைக் காலில் குளம்பு வெளிர். கறுப்புக் காலில் அடர்சாம்பல். கண் முழுக்க அடர்பழுப்பு, நடுவே கிடைமட்டமான நீள்வட்டப் பாவை. கண்ணின் வெண்மை மூலையில் மட்டும் ஒரு கீற்று. கூடினால் குதிரை மிரண்டு நிற்பதுபோல் இருக்கும். பளபளக்கும் வார்னிஷ் கண்ணுக்கு மட்டும். மூக்குத்துளையின் உட்புறத்துக்குப் பாதிப் பளபளப்புள்ள சாட்டின் வார்னிஷ் போதும், குளம்புக்கும் அதே.

படம்

மனிதக் கண் தரையிலிருந்து சுமார் 160 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஒன்பதால் வகுத்தால் ஏறக்குறைய 18 செ.மீ. கேமரா லென்ஸ் அந்த உயரத்திலோ அதற்குக் கீழேயோ இருந்தால் பார்ப்பவர் குதிரையின் பக்கத்தில் நிற்கிறார். மேலே போனால் மேசைமேல் இருக்கும் பொம்மையைப் பார்க்கிறார். தூரம் 80 செ.மீ. முதல் 1 மீட்டர், ஜூம் 2 அல்லது 3 மடங்கு. போனைக் கிட்டே கொண்டுபோனால் தலை பெருத்து, பின்பகுதி சிறுத்துவிடும். உண்மைக் குதிரையை யாரும் அத்தனை கிட்டேயிருந்து பார்ப்பதில்லை.

கேமராவில் லென்ஸின் துளை f/11 போன்ற சிறிய அளவில் இருந்தால் மூக்கிலிருந்து வால்வரை தெளிவாக வரும். காது தெளிவாகவும் இடுப்பு மங்கலாகவும் வரும் படம் அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னணி மட்டும் மங்கலாம். மரங்கள் 15, 20 மீட்டர் தள்ளி இருந்தால் அது தானாக நடக்கும்.

தரைக்கு மெல்லிய சல்லடையில் சலித்த மண். 1 மி.மீ. மணல் துகள் இந்த உலகில் 9 மி.மீ. ஜல்லி. 5 செ.மீ. புல் 45 செ.மீ. ஆகிறது, அது சரி, 10 செ.மீ. புல் குதிரையின் வயிற்றைத் தொடும். உதிர்ந்த ஓர் இலை போதும், படம் கெட்டுவிடும்.

காலை வெயில், பக்கவாட்டிலிருந்து. நிழல் பக்கத்தில் வெள்ளை அட்டையைச் சாய்த்தால் அடிவயிறு இருண்டு போகாது. அடர்நிறக் குதிரையைக் கண்டதும் தானியங்கிக் கேமரா படத்தை வெளிறச் செய்யும். சுட்டியிலுள்ள இழைகள் எல்லாம் ஒரே வெண்படலமாகிவிடும். கேமராவின் வெளிச்சத் திருத்தத்தை (எக்ஸ்போஷர்) -0.7 வரை குறைத்து எடுப்பது நல்லது. உச்சி வெயிலில் அடர்நிற உடல் விரைவில் சூடேறும், நிமிர்த்திய கால் மீண்டும் சாயும். படம் முடிந்ததும் நிழலுக்கு.

மிச்சமிருப்பது கடிவாளம். உண்மையில் 18 மி.மீ. அகலமுள்ள வார் இங்கே 2 மி.மீ.; 3.5 மி.மீ. தடிப்பு 0.4 மி.மீ. ஆக வேண்டும். அந்தத் தடிப்புக்குத் தோலை அடிப்புறமாகச் சீவி எடுக்க வேண்டும். கன்னவாரில் உண்மையாகவே மூடித் திறக்கும் கொக்கி வைத்தால்தான் குதிரையின் முகத்தில் பெயின்ட் உரசாமல் மாட்டவும் கழற்றவும் முடியும்.