கொட்டாங்கச்சித் தோடு: பதினொன்று உடைந்த பிறகு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அந்த 61 நாளும் புதுச்சேரி வீராம்பட்டினத்தில் அத்தை வீட்டு வாசலில் வலை மலையாகக் கிடக்கும். மாமா உட்கார்ந்து கிழிசல் தைப்பார், தேறாத பகுதியை வெட்டி ஓரமாகப் போடுவார். இந்த வருஷம் அந்த ஓரக் குவியலில் ஒரு நீலக் கயிற்றைப் பார்த்ததும் விட மனசு வரவில்லை. செங்கழுநீரம்மன் ஆடித் தேருக்குள் அண்ணன் மகளுக்கு ஒரு ஜோடித் தோடும் ஒரு மாலையும் வீணாகப் போகிற பொருளிலேயே செய்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தோட்டுக்குக் கொட்டாங்கச்சி. அத்தை வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. "இன்னாடி, அடுப்புல போடறத காதுல மாட்டப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே நாலு எடுத்துக் கொடுத்தார்கள். நல்லா முற்றின காயாகப் பார்த்து எடுக்க வேண்டும், இளசாக இருந்தால் ஓடு மெல்லிசாக இருக்கும், தேய்க்கும்போதே போய்விடும். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கத்தியால் நாரைச் சுரண்டினேன். அஞ்சு ரூபாய் காசை வைத்து வட்டம் வரைந்து, ஹேக்சா பிளேடால் சுற்றிலும் வெட்டி, அரத்தால் ராவினேன். ஒரு வட்டத்துக்கு முக்கால் மணி நேரம். உப்புத்தாள் 80-ம் நம்பரில் ஆரம்பித்து 220, 400, கடைசியில் 1000. கடைசி இரண்டையும் தண்ணீர் தொட்டுத்தான் தேய்த்தேன். உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசு மூக்கில் ஏறி, அன்று முழுக்க இருமல். முகக்கவசம் கட்டாயம்.

வட்டம் வந்துவிட்டது. ஓட்டைதான் வரவில்லை.

கையால் திருகுகிற சின்ன துளைக்கருவியில் ஒன்றரை மில்லிமீட்டர் பிட் போட்டுத் துளைத்தேன். முன்பக்கம் அழகாக இறங்கும். பின்பக்கம் பிட் வெளியே வருகிற அந்த நொடியில் ஓடு சில்லாகப் பெயர்ந்துவிடும், இல்லையென்றால் ஓரம் வரை விரிசல் ஓடும். இப்படியே பதினொன்று. முக்கால் மணி நேர வேலை, முடிகிற இடத்தில் போய்விடுகிறது. நாலாவது உடைந்த அன்று அழுகையே வந்துவிட்டது.

வழி கிடைத்தது அரிக்கமேட்டிலிருந்து. அத்தை வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டிய அந்த ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் பாசிமணி செய்வதுதான் பெரிய தொழில். அங்கே கிடைத்த மணிகள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சூதுபவளம் மாதிரியான கல்லை நம் ஊர்க் கைவினைஞர்கள் இரண்டு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சேர்ப்பார்கள். ஒரே பக்கமாகப் போனால் மறுமுனை பெயரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த மணிகள் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

பன்னிரண்டாவது வட்டத்தை ஒரு மரக்கட்டை மேல் அழுத்தி வைத்து, பிட்டின் கூர்முனை மட்டும் பின்பக்கம் எட்டிப் பார்க்கிற வரை துளைத்தேன். ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. நிறுத்தி, திருப்பிப் போட்டு, அந்தப் புள்ளியிலேயே பிட்டை வைத்துத் திருகினேன். சுத்தமான வட்ட ஓட்டை, ஓரம் ஒரு பொடிகூடப் பெயரவில்லை. இன்னொன்றும் கண்டுகொண்டேன்: விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டரில் போட்ட ஓட்டைகள் பிறகு மாட்டும்போது அறுந்தன, நாலு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் தாங்குகிறது.

மாலைக்கான மணியும் அரிக்கமேடு கொடுத்ததுதான். அங்கே செய்த சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளுக்கு ஓட்டை போடுகிற வேலையே கிடையாது. காய்ச்சின கண்ணாடியை உள்ளே குழியோடு நீளக் குழாயாக இழுத்து, ஆறியதும் துண்டு துண்டாக நறுக்குவார்கள். குழாய் என்றதும் அண்ணன் மகளின் மை காய்ந்த ஸ்கெட்ச் பேனாக்கள் ஞாபகம் வந்தன. மை பஞ்சை உருவிவிட்டு, கழுவி, அரை சென்டிமீட்டர் வளையங்களாக அறுத்தேன். வெட்டுவாய் கூராக இருக்கும், உப்புத்தாளில் வட்டமாக நாலு சுற்று சுற்றினால் போதும்.

கயிறு நீச்ச வாடை அடித்தது. சோப்புத் தண்ணீரில் இரண்டு நாள், எலுமிச்சைத் தோல் போட்ட தண்ணீரில் ஒரு நாள், பிறகு நிழலில் காயவைத்தேன். தங்கூசி (ஒற்றை நைலான் இழை) வலையையும் முயன்றேன். வெயிலில் கிடந்து மொரமொரப்பாகி, முடிச்சு போட்டதும் ஒடிகிறது. முறுக்குக் கயிறுதான் சரி. முனையை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டினால் உருகிப் பிரியாமல் நிற்கும். மாலையைக் கூட்டிக் குறைக்க இழுமுடிச்சு போடச் சொல்லிக் கொடுத்தது மாமா.

பதக்கமாக வலையில் கட்டுகிற ஈயக்குண்டு தரட்டுமா என்று மாமா கேட்டார். பளபளப்பாக, ஏற்கெனவே ஓட்டையோடு, பார்க்க அழகுதான். ஆனால் ஈயம் நஞ்சு, அதிலும் குழந்தைகளுக்கு. மாலையை வாயில் வைத்துக் கடிக்கிற வயசு அவளுக்கு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கழிவு என்பதற்காக எதையும் உடம்பில் மாட்டிவிட முடியாது.

கொக்கியிலும் அதே பாடம். பழைய ஃபேனில் சுற்றியிருந்த செம்புக் கம்பியை வளைத்து மாட்டினேன். மூன்றாம் நாள் என் காது பச்சையாகி அரிப்பு எடுத்தது. சர்ஜிகல் ஸ்டீல் கொக்கி வாங்கினேன். இதில் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருள் அது.

மெருகுக்குத் தேங்காயெண்ணெய். முதலில் தாராளமாகத் தடவி தாவணியில் கறை. ஒரே சொட்டு, அழுத்தித் துடைத்து, ஒரு நாள் விட்டால் ஓட்டின் ரேகை காப்பிக்கொட்டை நிறத்தில் எழும்பி வருகிறது.

தேருக்கு அவள் போட்டுக்கொண்டு வந்தாள். அத்தை ஒரு தோட்டைக் கழற்றச் சொல்லி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள். "இன்னா, கனமே இல்ல!" அந்தக் காலத்துக் கனத்த கம்மலால் அத்தைக்குக் காது ஓட்டை இழுத்து நீண்டுபோய், பத்து வருஷமாக எதுவும் போடுவதில்லை. "எனக்கும் ஒண்ணு பண்ணித் தாடி" என்றார்கள். தொங்கல் சரிப்படாது, நீண்ட ஓட்டையை மூடி நிற்கிற மாதிரி பெரிய வட்டம், பின்னால் ஒரு தாங்கு வட்டம். பத்து ரூபாய் காசை வைத்து வரைந்திருக்கிறேன். இன்று ராத்திரி ஓடு ஊறுகிறது.