36 வயதில் காவலர் வேலைக்குப் போன கதை

என் மாமிக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, ஒரு சான்றிதழின் மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை. 'ஆதரவற்ற விதவைச் சான்று' என்று அதற்குப் பெயர். அது கைக்கு வந்த அன்று என் மகன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். "ஆதரவில்லாதவளா? அப்பம் நான் ஆரு?" என்று கேட்டுவிட்டு மாமி அடுக்களைக்குள் போய்விட்டார். அந்தக் காகிதம் இல்லையென்றால் எனக்கு இந்த வேலையே இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் ஊர். கொத்தனாராக இருந்த கணவர் 2018-இல் இறந்துபோனார். எனக்குத் தெரிந்த தொழில் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைப்பது. கிலோ கணக்கில்தான் கூலி, அதுவும் ஆபீஸ் திறக்கிற நாளில் மட்டும். கொட்டையின் எண்ணெய் விரலைத் தின்றுவிடும். ரேஷன் கடை இயந்திரத்தில் என் கைரேகை ஒழுங்காக விழுந்ததே இல்லை.

2022 ஜூன் கடைசியில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு அறிவிப்பு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தனக்காக அதைப் படித்துக்கொண்டிருந்தாள். பொதுப்பிரிவுக்கு 26 வயது, பிற்படுத்தப்பட்டோருக்கு 28 என்று வாசித்துக்கொண்டே போனவள், சட்டென்று நிமிர்ந்து "அக்கா, உங்களுக்கு என்ன வயசு?" என்றாள். ஆதரவற்ற விதவைக்கு 37 வரை உண்டாம். அதற்கு முன் 35-ஆக இருந்ததைக் கொரோனாவுக்காக இரண்டு ஆண்டு தளர்த்தியிருந்தார்கள். எனக்கு 36. படிப்பு பத்தாம் வகுப்பு போதும். பெண்களுக்கான இடங்களில் 3 விழுக்காடு எங்களைப் போன்றவர்களுக்கே என்றும் போட்டிருந்தது. இது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு 47 வரை சலுகை இருப்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஓட்டம்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். என்னைப் படுத்தியது காகிதம். கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஏறி, கடைசியில் கோட்டாட்சியர் நிலையில் இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். எல்லா வழியிலும் சேர்த்து மாத வருமானம் 4,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பது விதி. கூலி குறைவாக இருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் உதவியது. சிக்கல் பெயரில் வந்தது. எங்கள் மாவட்டத்தில் பெண்கள் பெயருக்குப் பின்னால் 'பாய்' சேர்ப்பது சகஜம் அல்லவா? பள்ளிச் சான்றில் எனக்குப் 'பாய்' உண்டு, ரேஷன் அட்டையில் இல்லை, வாரிசுச் சான்றில் 'பாயி'. மூவரும் ஒருத்திதான் என்று நிரூபிக்கவே ஆறு நாள் கூலி போனது. என்னைக் கேட்டால், புத்தகத்தைத் தொடுவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள் என்பேன்.

படிப்பை என் மகன் பார்த்துக்கொண்டான். அவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. தமிழ்த் தகுதித் தேர்வு 80 மதிப்பெண். அதில் 32 எடுத்தால்தான் அடுத்த தாளைத் திருத்துவார்கள். முதன்மைத் தாள் 70. அதில் 45 பொது அறிவு, 25 உளவியல். குளச்சல் போர் 1741, குமரி தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 என்பதெல்லாம் நம் ஊர்க்காரர்களுக்குப் படிக்காமலே வரும். ஆகுபெயர்தான் வரவில்லை. "அம்மா, இது ஏழாம் கிளாஸ் பாடம்" என்று அவன் தலையில் கைவைத்துக்கொள்வான். உளவியல் என்றால் மனசைப் பற்றிக் கேட்பார்கள் என்று பயந்திருந்தேன். பார்த்தால் எண் வரிசையும் திசையும் உறவுமுறைக் கணக்குமாக இருந்தது.

ஓட்டத்துக்கு விடிகாலை நாலரை மணி. வேறு நேரத்தில் ஓட எனக்கு வெட்கம். அந்நேரத்தில் ரோட்டில் இருப்பவர்கள் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் மட்டுமே. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் முடிக்க வேண்டும். ஊரில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் கடிகாரத்தோடு வந்து நின்று பார்த்தார். "நீ ஓடல்ல மக்களே, வேகமாட்டு நடக்குத" என்றார். அன்று மூன்று நிமிடத்தைத் தாண்டியிருந்தேன். பிறகு ஞாயிறுதோறும் தேங்காப்பட்டணம் கடற்கரை மணலில் ஓட வைத்தார். மணலில் ஓடிப் பழகினால் மைதானம் லேசாகிவிடுகிறது. நீளம் தாண்டுதல் மட்டும் என் எதிரி. மூன்று மீட்டர் வேண்டும். எனக்கு இரண்டரைக்கு மேல் போக இரண்டு மாதம் ஆனது.

நவம்பர் 27-ஆம் தேதி எழுத்துத் தேர்வு. இரண்டு மணி நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்தது எனக்கு ஒன்றுமே இல்லை, அண்டி ஆபீஸ் பழக்கம். அடுத்த பிப்ரவரியில் உடல்தகுதித் தேர்வு. உயரம் 159 சென்டிமீட்டர் கேட்டார்கள், ஒரு சென்டிமீட்டர் அதிகமாகவே இருந்தேன். ஓட்டத்தில் எனக்குப் பின்னால் இரண்டு சின்னப் பெண்கள் வந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாண்டலில் மூன்று மீட்டருக்குக் கொடுக்கும் ஒற்றை நட்சத்திரம் தேறியது. பந்து எறிதலில் கை நன்றாகப் பேசியது. இருபது வருடம் கொட்டை உடைத்த கை.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை, வீட்டுக்கு வந்து விசாரணை, ஏழு மாதப் பயிற்சி. பயிற்சியில் கூட இருந்தவர்கள் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். அக்கா என்று கூப்பிடுவார்கள், தூக்கக் கலக்கத்தில் சிலசமயம் அம்மா என்று வந்துவிடும். முதல் மாதம் இரவில் கால் வலியில் அழுதிருக்கிறேன். மகனை மாமி பார்த்துக்கொண்டார்.

காவல்துறையின் ஆயுதப்படைக்கு வந்தபின், மண்டைக்காடு அம்மன் கோவிலின் மாசிக் கொடைத் திருவிழாவில் பாதுகாப்புப் பணி. பெண்கள் வரிசையை ஒழுங்குபடுத்துவது என் வேலை. கூட்டத்தில் ஒரு கிழவி கயிற்றுக்கு அடியில் குனிந்து முன்னால் வரப் பார்த்தார். எங்கள் மாமி.

"வரிசையில வாங்க மாமி."

"நான் ஆருன்னு தெரியாதா பிள்ளே?" என்று முறைத்தார். ஆனாலும் பின்னால் போய் நின்றார், போகிற வழியெல்லாம் "அது எனக்க மருமவளாக்கும்" என்று சொல்லிக்கொண்டே.