மார்க்கரும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும்: கேன்வாஸில் நீர்வண்ணச் சாயல்

கடையில் வாங்கும் கேன்வாஸில் வெள்ளைப் பூச்சு இருக்கும். அதன்மேல் நீர்வண்ணம் சரியாக ஒட்டாது. திட்டுத் திட்டாக நிற்கும், ஈரத்துணி பட்டால் அழிந்தும் போகும். பர்மனென்ட் மார்க்கர் அப்படியில்லை. அதன் மையில் சாயமும் பிசினும் ஆல்கஹாலில் கரைந்து கிடக்கின்றன. தண்ணீரால் அதை அசைக்க முடியாது. ஆல்கஹால் சொட்டினால் மறுபடி இளகி, நீர்வண்ணம் போலவே படரும்.

தேவை அதிகமில்லை. 8×10 அங்குல கேன்வாஸ் போர்டு ஒன்று, மார்க்கர்கள், ஆல்கஹாலுக்காக மருந்துக்கடையில் கிடைக்கும் 100 மில்லி சர்ஜிக்கல் ஸ்பிரிட், கழுவிக் காயவைத்த டிராப்பர். ஸ்பிரிட் லேபிளைப் படித்து வாங்குங்கள். எண்ணெய், கிளிசரின், நிறம் எதுவும் சேர்ந்திருக்கக் கூடாது. மிச்சமிருக்கும் சானிடைசர் ஜெல்லை இதற்குத் தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். வைட்போர்டு மார்க்கரும் ஆகாது.

சாதாரண ஸ்டேஷனரி கடையில் கறுப்பு, நீலம், சிவப்பு, பச்சை நாலும்தான் எளிதாகக் கிடைக்கும். நீலமும் பச்சையும் மட்டும் இருந்தாலே முட்டத்துக் கடலைப் போட்டுவிடலாம், பார்க்கவும் கொள்ளாம். சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் வைத்தால் சேற்று நிறம்தான் வரும். கறுப்பைப் படர விடாதீர்கள். பல கறுப்பு மைகள் பல சாயங்களின் கலவை, ஸ்பிரிட் பட்டதும் ஊதாவும் நீலமுமாகப் பிரியும்.

பன்னிரண்டு நிற செட் கையில் இருந்தால் சித்திரா பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரி வானத்தை முயலலாம். அடிவானத்தில் மஞ்சள், மேலே ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, உச்சியில் ஊதா. இந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தாலும் கெடாது. நிலாவுக்கு வட்ட ஸ்டிக்கர் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். ஸ்பிரிட் பசையையும் இளக்கும் என்பதால் அந்த ஓரத்தில் சொட்டு விழாமல் பார்க்க வேண்டும்.

மார்க்கரால் முழுவதும் நிரப்பக் கூடாது, பலர் கெடுப்பது இங்கேதான். மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குக் கிறுக்கினால் போதும். மீதி வெள்ளைக்குள் சாயம் தானே ஓடிப் போகும். வெள்ளை இல்லையென்றால் ஓட இடமில்லை, பெயின்ட் அடித்த பலகைபோல ஆகிவிடும். பிறகு போர்டைச் சமதளத்தில் வைத்து, வெளிர் நிறத்தில் தொடங்கி, இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடங்களில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இந்த அளவு போர்டுக்கு மொத்தம் 5 மில்லி தாராளம். சொட்டு விழுந்த நடுப்பகுதி வெளுத்து, சாயம் விளிம்புக்கு ஒதுங்கி வளையமாகக் காயும். வளையம் வேண்டாத இடத்தில் போர்டை லேசாகச் சாய்த்து ஓட விடலாம். குளம் கட்டினால் டிஷ்யூவின் நுனியால் உறிஞ்சுங்கள். தூரிகையால் தேய்த்தால் வெள்ளைப் பூச்சே இளகி மாவாக உரிந்து வரும்.

காய்ந்த பிறகு ஒரு முறை பார்த்துவிட்டு மேலும் நிறம் சேர்க்கலாம். ஆனால் அடியில் இருப்பதும் ஸ்பிரிட் பட்டால் கரையும். இரண்டாம் சுற்றோடு நிறுத்துவது நல்லது. ஈரத்தில் மார்க்கரை வைக்காதீர்கள், அதன் முனை அடைத்துக்கொள்ளும். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் தூண்களோ பனைமரமோ கறுப்புக் கோட்டில் வேண்டுமென்றால் அது கடைசி வேலை. ஒரு ராத்திரி காயவிட்டு வரையுங்கள். வாடை இருக்கும்போதே வரைந்தால் கோடு கசியும்.

ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பும் விளக்கும் எரியும் அறையில் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மேலே ஃபேன் சுற்றினால் படருமுன் காய்ந்துவிடும். ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு ஜன்னலைத் திறந்தாலே ஃபேன் போட்ட மாதிரிதான், பாதி திறந்தால் போதும். பிள்ளைகள் வரைந்தால் டிராப்பர் பெரியவர் கையில் இருக்கட்டும்.

இந்தச் சாயங்கள் வெயிலில் வெளுக்கும், முதலில் போவது பெரும்பாலும் இளஞ்சிவப்பும் ஊதாவும். வார்னிஷ் அடித்தாலும் அது முழுதாக நிற்காது. தவிர, ஸ்பிரே வார்னிஷில் உள்ள கரைப்பான் படத்தையே ஓட வைக்கலாம். வேறொரு துண்டில் அதே மார்க்கரால் கிறுக்கி, தள்ளி நின்று மெல்லிய தூவலாக அடித்துப் பார்த்த பிறகே படத்தில் கை வைக்கவும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு. சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டினால் அட்டை வளையும், பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். வெயில் நேராக விழாத உள்சுவரில், பின்னால் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுப் போக இடம் விட்டு மாட்டுங்கள்.