சுயவிவரத்தை நான்காம் முறை எழுதியபோது

எட்டு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் சரக்கு இருப்புக் கணக்கைக் கவனித்துவந்த நான், வேலை மாறுவதென்று முடிவெடுத்தபோது, என்னிடம் இருந்தது படிப்பு முடித்த கையோடு எழுதிய சுயவிவரம் ஒன்றுதான். அதன் அடியில் என் பணி விவரங்களைச் சேர்த்து, இருபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அனுப்பினேன். நடுவில் இரண்டு முறை திருத்தியும் பார்த்தேன். இரண்டு மாதங்களில் ஒரு நேர்காணல் அழைப்புகூட வரவில்லை.

ஆட்சேர்ப்புப் பணியில் இருந்த தோழி ஒருத்தி அதைப் படித்துவிட்டு, "உனக்குக் கொடுத்த வேலை என்னவென்று தெரிகிறது, நீ செய்தது என்னவென்று தெரியவில்லையே" என்றாள். அவள் சொன்னது சரிதான். "இருப்புக் கணக்கைப் பராமரித்தல்", "மாதாந்திர அறிக்கை தயாரித்தல்" என்ற என் வரிகளை, அந்தப் பொறுப்பில் எனக்கு முன்பு இருந்தவரும் ஓர் எழுத்து மாறாமல் எழுதியிருக்கலாம்.

அன்றிரவு ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொண்டு, நான் வருவதற்கு முன் அந்த வேலை எப்படி நடந்தது, நான் எதை மாற்றினேன், அதனால் என்ன விளைந்தது என்று கேட்டுப் பார்த்தேன். பதில்கள் நினைவிலிருந்து எளிதில் வரவில்லை. பழைய நாட்குறிப்புகளைப் புரட்ட வேண்டியிருந்தது. இறுதியில், "மாத இறுதிச் சரிபார்ப்புக்கு 5 நாட்கள் ஆகிவந்ததை, எல்லாக் கிடங்குகளுக்கும் ஒரே பொருள் குறியீட்டு முறையைக் கொண்டுவந்து 2 நாட்களாகக் குறைத்தேன்" என்ற வரி பிறந்தது. அந்த ஒரு வரிக்கு ஏறக்குறைய ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவானது. அதில் எனக்கு வருத்தமில்லை. எண் கிடைக்காத இடங்களில் எண்ணை இட்டுக்கட்டாமல், புதிதாகச் சேர்ந்த மூவருக்குப் பயிற்சி அளித்தது போன்றவற்றை நடந்தபடியே எழுதினேன். ஓரளவே தெரிந்த ஒரு மென்பொருளின் பெயரையும் நீக்கினேன்.

எதை முதலில் வைப்பது என்ற குழப்பத்தைத் தீர்த்தது, அந்நாட்களில் நான் படித்த ஒரு பழைய கடிதம். 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் பணி கேட்டு எழுதிய லியொனார்டோ டா வின்சி, எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்களையும் முற்றுகைக் கருவிகளையும் முதலில் வரிசைப்படுத்திவிட்டு, தம் ஓவியத் திறனைக் கடைசியில்தான் குறிப்பிட்டிருக்கிறார். கேட்பவருக்குத் தேவையானதே முதலில் வந்திருந்தது. அதன் பிறகு, வேலை விளம்பரத்தில் நிறுவனம் கேட்டிருந்தவற்றை அடிக்கோடிட்டு, அவற்றுக்கு விடையாகும் வரிகளையே முதல் பாதியில் வைத்தேன். பொழுதுபோக்குகளும் பள்ளிப் பரிசுகளும் போயின. மூன்று பக்கங்கள் இரண்டாயின.

வடிவத்தில் நான் செய்திருந்த பிழை இதைவிட எளியது, ஆனால் கேடு மிகுந்தது. பக்கம் இடம் வலமாக இரண்டு நெடும்பத்திகளாகப் பிரிந்த ஓர் அழகிய வார்ப்புருவைப் பயன்படுத்தியிருந்தேன். பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் மென்பொருளே பிரித்தெடுக்கிறது என்று தோழி சொன்னதால், அதற்கு என் கோப்பு எப்படித் தெரியும் என்று அறிய, எழுத்துகள் அனைத்தையும் நகலெடுத்து, வெறும் எழுத்துகளை மட்டும் காட்டும் நோட்பேட் செயலியில் ஒட்டிப் பார்த்தேன். பணிபுரிந்த ஆண்டுகள் ஓரிடத்திலும் பதவிகள் வேறிடத்திலுமாகச் சிதறிக் கிடந்தன. பக்கத் தலைப்பில் இட்டிருந்த தொலைபேசி எண்ணைக் காணவே இல்லை. உடனே பக்கம் முழுவதும் ஒரே நெடும்பத்தியாக, அண்மைப் பணி முதலில் வருமாறு எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினேன்.

இந்த நிறுவனத்தில் சேரும் முன், தந்தையின் நோயால் வேலையை விட்டிருந்த பதினொரு மாதங்களை மறைக்க முன்பு ஆண்டுகளை மட்டும் குறித்திருந்தேன். இம்முறை மாதங்களோடு எழுதி, "குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்கும் பொறுப்பு" என்று ஒரு வரி சேர்த்தேன்.

இந்தப் பிரதியை அனுப்பிய ஆறாவது இடத்திலிருந்து அழைப்பு வந்தது. பதினொரு மாதங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முதல் கேள்வியே, "5 நாட்களை 2 ஆக்கினேன் என்கிறீர்களே, பழைய குறியீடுகளை விட மறுத்த கிடங்குகளை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?" என்பதுதான். அதைப் பற்றி என்னால் இருபது நிமிடங்கள் பேச முடிந்தது.